பெங்களூருக்கே தெரியாத பெங்களூர் கத்தரிக்காய்

தமிழ்நாட்டின் எந்த ஊர்க் காய்கறிக் கடையிலும் பெங்களூர் கத்தரிக்காய் என்று கேட்டால், கடைக்காரர் வெளிர்பச்சை நிறத்தில் பேரிக்காய் வடிவிலான ஒரு காயை எடுத்துத் தராசில் வைப்பார். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்த புதிதில், நீலாத்ரி சாலையில் நின்ற தள்ளுவண்டிக்காரரிடம் அதே பெயரைச் சொல்லிக் கேட்டோம். அவர் எங்கள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு ஊதாநிறக் கத்தரிக்காய்க் குவியலைக் கைகாட்டினார். பெங்களூரில் விற்கும் கத்தரிக்காய் எல்லாமே பெங்களூர் கத்தரிக்காய்தானே! வண்டியின் ஓரத்தில் கிடந்த காயை விரலால் சுட்டிய பின்னரே, "சீமெ பதனெகாயி" என்று அவர் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். கன்னடத்தில் அதற்குச் சீமைக் கத்தரிக்காய் என்று பொருள். நாம் பெங்களூரைக் கைகாட்டுகிறோம். பெங்களூரோ சீமையைக் கைகாட்டுகிறது. சௌ சௌ என்று நம்மவர் பலர் அழைப்பதும் இந்தக் காயைத்தான்.

பெயரில் கத்தரி இருந்தாலும் இதற்கும் கத்தரிக்கும் உறவில்லை. பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி இது. ஆனால் பாகலும் புடலும் ஒரு பருவம் காய்த்து மடிந்துவிடும். சௌ சௌ பல்லாண்டு வாழும். மேலே படர்ந்த கொடி காய்ந்து போனாலும் மண்ணுக்குள் கிழங்கு போலப் பருத்த வேர் உயிரோடிருந்து மறுபடியும் துளிர்விடும். வாரத்தில் ஒரு நாளேனும் இதன் கூட்டை உண்பவர்களில், இது கொடியில் தொங்குவதைக் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். நாங்களும் காணாதவர்களாகவே இருந்தோம்.

பூட்டி வைக்க இயலாத விதை

நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பது தொட்டதோகூரில் ஒரு வீட்டின் தரைத்தளம். சுற்றுச்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே ஆறடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட ஒரு மண்துண்டு இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் ஆர்.கே. பாலிகா அவர்கள் தலைமையிலிருந்த கர்நாடக மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ், கோணப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் 332 ஏக்கர் நிலத்தில் இந்தத் தொழில்நகரை அமைக்கத் தொடங்கியது. இன்று இவ்வூரில் ஆறடி மண் கிடைப்பதே பெரும்பேறு. அந்த மண்ணிலும் பாதி உடைந்த செங்கல். மீதியில் சிமென்ட்டுக் கட்டிகள்.

2021ஆம் ஆண்டு, வீட்டிலிருந்தே அலுவல் பார்த்த நாள்களில், அந்த மண்துண்டில் எதையேனும் வளர்க்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. ஆண்டுதோறும் விதைக்க வேண்டிய செடியாக இல்லாமல், ஒருமுறை வைத்தால் நிலைத்து நிற்கும் கொடியாக இருந்தால் நலம் என்று எண்ணினோம். ஊர்ப்பெயரைத் தாங்கிய கொடியாகவும் இருக்கட்டுமே என்று சௌ சௌவைத் தேர்ந்தோம். விதைக்கடைகளில் கேட்டால் இல்லை என்றார்கள். அங்கு அது கிடைக்காததற்குக் காரணம் உண்டு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் முயற்சியில், கடையில் வாங்கிய காயைப் பிளந்து உள்ளிருந்த தட்டையான வெண்ணிற விதையை எடுத்து, மூன்று நாள் நிழலில் உலர்த்தி நட்டோம். அது அழுகியது. இரண்டாம் முயற்சியில் முழுக்காயையே அரையடி ஆழத்தில் புதைத்து, ஆர்வமிகுதியால் நாளும் இருவேளை நீர் ஊற்றினோம். பத்தாம் நாள் தோண்டிப் பார்த்தபோது கூழாகியிருந்தது.

சௌ சௌக் காய் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விதைதான் உண்டு. அவரை விதைக்கும் பூசணி விதைக்கும் இருப்பது போன்ற கெட்டியான தோல் அதற்கு இல்லை. காயின் சதையே அதற்குப் போர்வையும் உணவும் நீரும் ஆகும். சதையிலிருந்து பிரித்து உலர்த்தினால் விதை செத்துவிடும். அதனால் இதனை உறையிலிட்டு விற்க இயலாது. அடுத்த ஆண்டுக்கென்று டப்பாவில் சேமிக்கவும் இயலாது. பொன்னையும் பத்திரங்களையும் போல லாக்கரில் வைத்துப் பூட்ட முடியாத செல்வம் இது. அதை அழியாமல் காக்க ஒரே வழி, ஒருவர் காய்க்க வைத்து இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். காய் முற்றிவிட்டால் விதை பொறுத்திராது. கொடியில் தொங்கும்போதே முளைவிடுவதும் உண்டு. பிச்சாவரத்து அலையாத்தி மரங்களில் வித்து மரத்திலேயே முளைத்துத் தொங்குவதைக் கண்டவர்களுக்கு இந்த இயல்பு புதிதாகத் தோன்றாது.

அங்காடிகளில் நாம் வாங்குவது பெரும்பாலும் இளங்காய். சமைக்க அதுவே சுவை. முளைக்க அது உதவாது. குளிர்பதனப் பெட்டியில் கிடந்த காய் என்றால் நம்பிக்கை இன்னும் குறைவு.

லால்பாக் வந்த வழி

மெக்சிகோவும் நடு அமெரிக்காவுமே இக்கொடியின் தாயகம். அங்கு வாழ்ந்த நாவாட்டல் மொழியினர் இதைச் சயோட்லி என்றனர். சயோட்டே என்னும் இன்றைய ஸ்பானியப் பெயர் அதிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரசரின் மருத்துவரான பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் மெக்சிகோவின் தாவரங்களை ஆராய்ந்து எழுதியபோது இதனையும் குறித்து வைத்தார். 1756இல் பாட்ரிக் பிரௌன் ஜமைக்காவின் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலிலும் இது இடம்பெற்றது. ஜமைக்காவில் இதற்கு 'சோசோ' என்று பெயர். மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் 'ஷூஷூ'. நம்முடைய சௌ சௌவும் இவற்றோடு ஒலியால் உறவு கொண்டாடுகிறது. ரீயூனியன் தீவின் சலாசிப் பள்ளத்தாக்கில் மலைச்சரிவுகளெல்லாம் இக்கொடி போர்வையாகப் படர்ந்திருக்கும். அதன் தண்டைக் கீறிப் பதப்படுத்தித் தொப்பி பின்னும் கைத்தொழிலும் அங்கு இருந்தது. ஆஸ்திரேலியாவில் வீட்டின் பின்வேலியிலும் பழைய கழிவறைக் கூரையிலும் இதைப் படரவிடுவது நெடுநாள் வழக்கம்.

நம் நாட்டில் இதன் பெயர்கள் இதன் வழித்தடத்தைக் காட்டுகின்றன. டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் நேப்பாளி பேசுவோர் இதனை இஸ்குஸ் என்பர். மிசோரமில் இஸ்குட். ஐசாலுக்கு அருகிலுள்ள சிப்பிர் கிராமம் இந்தக் காய்க்கே பெயர்பெற்றது. இரண்டு பெயரும் ஸ்குவாஷ் என்னும் ஆங்கிலச் சொல்லின் வழிவந்தவை.

தென்னாட்டுக்கு இக்கொடியைக் கொணர்ந்த பெருமை லால்பாக்குக்கு உரியது. ஐதர் அலி 1760இல் தொடங்கிய அந்தத் தோட்டத்தில், இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயின்ற ஜான் கேமரான் 1874 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தார். 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை அவர் காலத்தது. முட்டைக்கோசு முதலான பல சீமைப் பயிர்களை மைசூர் நாட்டு உழவர்களிடையே பரப்பியவரும் அவரே. சௌ சௌவும் அவர் காலத்திலேயே இங்கு வேரூன்றியது. பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போனதால் அங்கு அது பெங்களூர் கத்தரிக்காய் ஆயிற்று. கோவாவிலிருந்து வந்த மிளகாயை இன்னும் கோவா மிளகாய் என்று நாம் சொல்வதில்லை. சௌ சௌ மட்டும் வந்த வழியை மறக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அம்மா கொண்டு வந்த காய்

அப்பாவின் மறைவுக்குப் பின், 2022 ஜூலையில் அம்மா எங்களோடு வந்து தங்கினார். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியை ஒட்டிய ஊர் அவருடையது. காப்பி, மலைவாழை, அவரை, சௌ சௌ என்று மண்ணோடே அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். வத்தலக்குண்டுக்கு இறங்கித் திண்டுக்கல் வந்து, இரவுப் பேருந்தில் ஓசூர் வழியாக விடியற்காலை எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கியபோது, அவருடைய பையில் துணிகளைவிடக் காய்களே மிகுதியாக இருந்தன. அவற்றில் நான்கு முற்றிய சௌ சௌ. ஒன்றின் அடியில் சிறுவிரல் நீளத்துக்கு முளை நீட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் இரண்டு தோல்விகளையும் கேட்டவர், "காயை யாராச்சும் குழிதோண்டிப் புதைப்பாங்களா? அதுக்கும் மூச்சு முட்டாதா? படுக்கத்தான் வைக்கணும்" என்றார். பிறகு மருமகளிடம், "ஏம்மா, கடப்பாரை இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் மடிக்கணினிகள் நான்கு இருந்தன, கடப்பாரை இல்லை. வீட்டு உரிமையாளரிடம் இரவல் வாங்கினோம். அவர் கடப்பாரையோடு இரண்டு நிபந்தனைகளையும் கொடுத்தார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தண்ணீர்த் தொட்டியிருக்கும் பக்கம் குழி வெட்டக் கூடாது.

தொட்டிக்கு எதிர்மூலையில் ஒன்றரையடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டினோம். செங்கல் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண், மட்கிய சாணம், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து நிரப்பினோம். முளைவிட்ட காய்களில் இரண்டைச் சற்றுச் சாய்வாகப் படுக்கவைத்து, முளை இருக்கும் அகன்ற பக்கம் மண்ணுக்குள்ளும் காம்புப் பக்கம் வெளியே தெரியும்படியும் அம்மா நட்டார். முளைவிடாத காய்களை நடவேண்டுமானால், சமையலறையின் இருண்ட மூலையில் இரண்டு மூன்று வாரம் அப்படியே விட்டுவைத்தால் போதும், தானே முளைக்கும். வேர் பிடிக்கும்வரை மண் ஈரமாக இருக்கலாம், சேறாக இருக்கலாகாது. எங்கள் இரண்டாம் காய் கூழானது அந்தச் சேற்றினால்தான்.

மலைச்சரிவுகளில் 1200 முதல் 1500 மீட்டர் உயரம் இக்கொடிக்கு மிகவும் உகந்தது என்பர் வேளாண்மை வல்லுநர். எலெக்ட்ரானிக் சிட்டியின் உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். இவ்வூரின் ஆடிக்காற்றும் மார்கழிக் குளிரும் குறைந்த உயரத்தை ஓரளவு ஈடுகட்டுகின்றன. சித்திரை வெயில்தான் சோதனை. சமவெளியில் நடுவோர் ஆடி, ஆவணியில் நடுவது வழக்கம். நாங்கள் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. அம்மா வந்த மாதம் அதுவாக அமைந்தது.

ஒரு மாதத்துக்குள் கொடி சுவரின் உயரத்தை எட்டியது. பற்றுக்கம்பிகள் கிடைத்ததையெல்லாம் சுற்றிக்கொண்டன. துணி உலர்த்தும் கயிற்றையும், ஒரு நாள் எங்கள் மிதிவண்டியின் கைப்பிடியையும் பற்றின. இக்கொடி பத்து, பதினைந்து மீட்டர் வரை ஓடக்கூடியது. காய்த்தால் கனமும் மிகும். மாடித் தோட்டத்துக்கென்று விற்கும் மெல்லிய மூங்கில் தட்டிகள் இதற்குத் தாங்கா. ஆறரை அடி உயரத்தில் இரும்புக் குழாய்கள் ஊன்றி, மேலே கம்பி இழுத்துப் பந்தல் கட்டினோம். செலவு 4,200 ரூபாய். சுவரில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை.

ஐப்பசியில் பூக்கத் தொடங்கியது. பகல் குறுகி இரவு நீளும் காலமே இதன் பூக்காலம். ஒரே இலைக்கணுவில் ஆண்பூக்கள் கொத்தாகவும் பெண்பூ தனியாகவும் தோன்றும். பெண்பூவின் அடியில் அவரை விதையளவில் குட்டிச் சௌ சௌ ஒன்று முழு வடிவத்தோடு அமர்ந்திருக்கும். அதைக் காண்பதற்கென்றே காலையில் ஒருமுறை பந்தலடிக்குப் போகலாம். பூக்கள் வெளிர்நிறமாகவும் சிறியதாகவும் இருப்பதால் நம் கண்ணுக்கு எளிதில் படமாட்டா. தேனீக்களுக்குப் படும். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே எங்கிருந்து வந்தனவோ, கொசுத்தேனீக்கள் காலை ஒன்பது மணிக்குள் பந்தலை நிறைத்தன. அவை வராவிட்டால் குட்டிக் காய்கள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஆகவே பூக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லியைத் தெளிப்பது நம் காயை நாமே உதிர்ப்பதாகும்.

தொல்லை கொடுத்தது பழ ஈ ஒன்றுதான். இளங்காயில் துளையிட்டு முட்டை வைக்கும். அந்த இடத்தில் பிசின் வடிந்து காய் கோணலாகும். கொடிக்காய்களுக்கென்று விற்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றைத் தொங்கவிட்டோம். அதைவிட, விழுந்த காய்களை அன்றன்றே பொறுக்கிக் கொதிநீரில் போட்டுப் பிறகு எறிந்த அம்மாவின் வழக்கமே மிகுதியும் பயன் தந்தது என்பது எங்கள் எண்ணம். புழு மண்ணுக்குள் போகாவிட்டால் அடுத்த தலைமுறை ஈ எழாது.

பூ காயாகிப் பறிக்க ஏறத்தாழ ஒரு மாதம். 2023 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு முதற்காய் பறித்தோம். அந்தப் பருவத்தில் 64 காய்கள். அடுத்த பருவத்தில் 216. வங்கி இதழாயிற்றே, கணக்கைச் சொல்லாமல் விடலாகாது. காய் ஒன்று கால் கிலோ எனக் கொண்டால் இரண்டு பருவத்திலும் சேர்த்து 70 கிலோ. கிலோ 30 ரூபாய் வீதம் 2,100 ரூபாய். பந்தற்கடனில் சரிபாதி இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதிலும் பாதிக் காய்கள் அண்டை வீடுகளுக்குப் போயின. வரவு செலவு பார்த்துக் காய்கறி வளர்ப்போருக்கு இக்கொடியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

காயைத் தவிர மற்றவற்றையும் உண்ணலாம் என்பது வாசகர்கள் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடும். கொடியின் இளநுனிகளைக் கீரையாகச் சமைக்கலாம். டார்ஜிலிங் பக்கத்துச் சந்தைகளில் அவை கட்டுக்கட்டாக விற்கப்படுகின்றன. அவ்வூரார் இரண்டு மூன்றாண்டு முதிர்ந்த கொடியின் கிழங்கையும் தோண்டி அவித்து உண்கின்றனர். உருளைக்கிழங்கைப் போல மாவுச்சத்து நிறைந்தது அது. காயிலோ நூற்றுக்கு 94 பங்கு நீர். நூறு கிராமில் 19 கலோரிதான். தோல் சீவும்போது வடியும் பால் கையில் காய்ந்து தோலை இழுக்கும். நீருக்குள் வைத்துச் சீவினாலோ, கையில் எண்ணெய் தடவிக்கொண்டாலோ ஒட்டாது. சீவிய தோலை எறியாமல் உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், புளியோடு வதக்கித் துவையல் அரைக்கலாம். எங்கள் வீட்டில் கூட்டைவிட அந்தத் துவையலுக்கே போட்டி.

இத்தனைக்கும் நடுவே நாங்கள் கவனித்த இன்னொன்று உண்டு. வந்த புதிதில் அம்மா பகல் முழுவதும் வாயிற்படியிலேயே அமர்ந்திருப்பார். மொழி தெரியாது, யாரையும் தெரியாது. நாங்கள் இருவரும் அலுவலக அழைப்புகளில் மூழ்கியிருப்போம். பந்தலில் காய் தொங்கத் தொடங்கியதும் தெருவில் போவோர் நின்று பார்த்தனர். உரிமையாளரின் தாயார் நாள்தோறும் வந்தார். அவர் கன்னடத்தில் பேசுவார், அம்மா தமிழில் விடை சொல்வார். இருவரும் அரைமணி நேரம் பேசியது என்னவென்று இருவரையும் கேட்டிருக்கிறோம். இருவரும் சொன்னவை ஒத்துப்போனதில்லை.

நீர் இல்லாத வேனில்

2023இல் பருவமழை பொய்த்தது. 2024 பிப்ரவரியில் எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. தண்ணீர் லாரிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. மார்ச்சில் பெங்களூர்க் குடிநீர் வாரியம், குடிநீரைத் தோட்டத்துக்கோ வண்டி கழுவவோ பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் தண்டம் என்று அறிவித்தது. அறிவிப்பு முறையானதே. குடிக்க நீரில்லாதபோது கொடிக்கு ஊற்றுவது எப்படி?

எங்கள் வீட்டில் மூன்று நாளுக்கு ஒருமுறை குளிப்பது என்ற நிலை வந்தது. ஒரு நாள் இரவு அம்மா சொன்னார்: "நான் ஊருக்குப் போறேன். ஒரு ஆளு குளிக்கிற தண்ணியாச்சும் உங்களுக்கு மிச்சமாகும்." நாங்கள் மறுத்தோம். ஆனால் எங்கள் மறுப்பில் போதிய அழுத்தம் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாரத்தில் எங்கள் தெருவிலிருந்து நான்கு குடும்பங்கள் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குப் போயிருந்தன. அம்மா போவது இயல்பானதாகவே எங்களுக்குத் தோன்றியது.

புறப்படும் முன் அவர் கொடியைக் கவனித்தார். காய்ப்பு முடிந்தபின் தைமாதத்தில் தரையிலிருந்து இரண்டடி விட்டுக் கொடியை வெட்டிவிடுவது மலையூர் வழக்கம். நாங்கள் அதுவரை ஆசையினால் வெட்டாமல் வைத்திருந்தோம். அம்மா அரிவாளால் இரண்டடிக்கு மேல் இருந்த அனைத்தையும் வெட்டி இழுத்தார். பந்தல் ஒரே நாளில் மொட்டையாயிற்று. வெட்டிய கொடியையே துண்டாக்கி வேரைச் சுற்றிப் பரப்பி, அதன்மேல் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினார். "இலை இருந்தாத்தான் தண்ணி கேக்கும். இப்ப இதுக்குத் தூக்கம். அரிசி கழுவுற தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும்" என்று சொல்லிவிட்டு இரவுப் பேருந்தேறினார்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் நாளொன்றுக்கு மூன்று லிட்டர் சேர்ந்தது. அதை மாலையில் மட்டைகளுக்கு அடியில் ஊற்றினோம். இடையில் ஒரு வாரம், நீர் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரையும் ஊற்றிப் பார்த்தோம். தண்டில் மிச்சமிருந்த இரண்டு இலைகளும் ஓரம் கருகின. அந்நீரில் உப்பு மிகுதி என்பதை நினைவுகூர்ந்து நிறுத்திவிட்டோம். அதனைத் தரை துடைக்க வைத்துக்கொண்டோம். பாத்திரம் கழுவிய எண்ணெய் நீரைத் தொடவேயில்லை.

ஏப்ரல் 28ஆம் நாள் பெங்களூரில் வெப்பம் 38.5 டிகிரியைத் தொட்டது. அன்று கொடியின் அடித்தண்டு சாம்பல் நிறத்தில் மரக்குச்சி போல நின்றது. அம்மா நாள்தோறும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். எங்கள் நலத்தை ஒரு சொல்லில் கேட்டுவிட்டு, "கொடி எப்படி இருக்கு?" என்பார். "இருக்கிறது அம்மா" என்போம். செத்துவிட்டது என்றே நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தோண்டிப் பார்க்கவும் துணிவில்லை. கொடியும் இல்லையென்றால் அவர் திரும்பி வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்ற எண்ணம் இருவருக்கும் இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் மழை வந்தது. முதல் மழை தூறலோடு நின்றது. அடுத்தடுத்து வந்தவை மண்ணை நனைத்தன. மூன்று நாள், நான்கு நாள், ஒரு வாரம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஜூன் 2ஆம் நாள் ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரமே மிதந்தது. தெருவில் முழங்கால் நீர். வற்றிய தெருவில் வெள்ளம் ஓடுவதை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

அதற்கு ஐந்து நாள் கழித்து அம்மா வந்தார், நாங்கள் அழைக்காமலேயே. பையில் ஆறு முளைவிட்ட காய்கள் இருந்தன. கொடி செத்திருந்தால் மறுபடி நடலாம் என்று கொண்டு வந்ததாகச் சொன்னார். ஆகவே எங்கள் மாலைநேரப் பொய்யை அவர் ஒரு நாளும் நம்பவில்லை என்பது விளங்கிற்று. செருப்பைக் கழற்றாமல் நேரே பந்தலடிக்குப் போய்த் தேங்காய் மட்டைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். மட்டைக்கு அடியில், வெளிச்சம் காணாமல் வெளிறிப்போய், வளைந்து வளைந்து மூன்று துளிர்கள் வழிதேடிக்கொண்டிருந்தன. உயரமானது ஒரு சாண் இருக்கும். "மட்டையை எடுத்துப் பாக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணலையா?" என்று கேட்டார். தோன்றவில்லைதான். நாங்கள் அடித்தண்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். துளிர்கள் மண்ணுக்குள்ளிருந்த வேரிலிருந்து வந்திருந்தன.

கொண்டு வந்த ஆறு காய்களும் மிச்சமாயின. விதையைப் போலச் சேமித்து வைக்க முடியாது. வாரத்துக்குள் மண்ணுக்குப் போயாக வேண்டும். உரிமையாளரின் தாயாருக்கு இரண்டு கொடுத்தோம். அவர் மொட்டைமாடியில் பழைய நீர்த்தொட்டி ஒன்றைப் பாதியாக வெட்டி அதில் நட்டார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒன்று பெற்றார். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி ஓட்டுநர் ஒன்றை வாங்கிப் போய் ஆனேக்கல்லில் தம் வீட்டு வேலியில் வைத்திருக்கிறார். அடுத்த முறை வந்தபோது கைப்பேசியில் படம் காட்டினார். அலுவலக நண்பர் ஒருவர் வாங்கிப்போனது அழுகிவிட்டது. குழிதோண்டிப் புதைத்தாராம்.

ஆறாவது காயை அம்மா எங்கள் குழியின் மறுபக்கத்திலேயே படுக்க வைத்தார். அந்தப் பருவத்தில் பழைய வேர் 90 காய்களே தந்தது, புதியது இருபது. இவ்வாண்டு தை பிறந்ததும் இரண்டடி விட்டு நாங்களே வெட்டினோம். அம்மா நாற்காலி போட்டு அமர்ந்து, அரிவாளை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.